அப்பா என்று அழைக்கத் தொடங்கியவர்களுக்கு

பாஸ்கா இரவில் மெழுகுதிரி ஏந்தி நின்று திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு இதை எழுதுகிறேன். தவக்காலத்தில் நம்பிக்கை அறிக்கையையும் இயேசு கற்றுத்தந்த செபத்தையும் திருச்சபை உங்களிடம் ஒப்படைத்தது. அந்த இரவின் திருப்பலியில், திருமுழுக்குப் பெற்றவர்களாக முதன்முறை எங்களோடு சேர்ந்து கடவுளை அப்பா என்று அழைத்தீர்கள். வகுப்பில் கேட்டதில் பாதி நாளடைவில் மறந்துபோகும். அப்பாவுக்கு நன்றி சொல்லும் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டால் மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வந்துவிடும். பல ஆண்டுகள் உபதேசியாராக இருந்து உங்களைப் போன்ற பெரியவர்களைத் திருமுழுக்குக்குத் தயார் செய்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. தந்தை, எல்லாம் வல்லவர் இரண்டையும் பிரிக்காதீர்கள்.

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், நம்பிக்கை அறிக்கையையும் ஆண்டவர் கற்பித்த செபத்தையும் பத்துக் கட்டளைகளையும் தமிழில் பெயர்க்கச் செய்து, தாமும் மனப்பாடம் செய்தார். ஊர் ஊராக மணியடித்துப் போய், பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டி, வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தார். பெரிய தத்துவம் எதையும் அவர் முதலில் எடுக்கவில்லை. நம் நன்றிக்கு அடித்தளமும் அந்த மனப்பாடத்திலேயே இருக்கிறது. நம்பிக்கை அறிக்கையின் தொடக்கத்தில் கடவுளைத் தந்தை என்கிறோம், எல்லாம் வல்லவர் என்கிறோம். கடவுளின் பண்புகள் எத்தனையோ இருந்தும் அந்த அறிக்கை பெயர் சொல்லிக் குறிப்பிடுவது இந்த வல்லமை ஒன்றைத்தான் என்று 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கவனிக்கச் சொல்கிறது. அவர் தந்தையாக இருப்பதை வைத்தே அவருடைய வல்லமையைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதும் அந்நூலின் போதனை.

அவர் வல்லவர் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் நன்றி பயமாகத் திரிந்துவிடும். கோபித்துக்கொள்வாரோ என்று முந்திக்கொண்டு காணிக்கை போடுவோம். அன்பானவர் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால், பாவம், அவரால் என்ன செய்ய முடியும் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டு வாயளவில் நன்றி சொல்வோம். கொடுக்க முடிந்தவர், கொடுக்க விரும்புகிறவர் என இரண்டும் ஒருவரே என்று நம்புகிறவன்தான் மனமார நன்றி சொல்வான்.

2. இரவில் படுக்குமுன், பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள்.

புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளில் தினசரி ஆன்ம சோதனைக்கு ஐந்து படிகள் வைத்தார். பாவத்தைத் தேடுவதுதான் முதல் படி என்று பலரும் நினைக்கிறார்கள். அவர் வைத்த முதல் படி, பெற்ற நன்மைகளுக்கு நன்றி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். எடுத்த எடுப்பில் குற்றங்களை எண்ண ஆரம்பிக்கிறவன் நீதிபதி முன்னால் போய் நிற்கிறான். நன்றியில் தொடங்குகிறவனுக்கு எதிரில் இருப்பது அப்பா. தான் செய்த பிழையும் அந்த அன்புக்கு எதிராகச் செய்ததாக அவனுக்குத் தெரியும், அதனால் இன்னும் ஆழமாக வருந்துவான்.

'எல்லாவற்றுக்கும் நன்றி ஆண்டவரே' என்று ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டாம். இன்று வலையில் சாளை பட்டது, ஏலத்தில் விலை விழவில்லை, மகளுக்குக் காய்ச்சல் இறங்கியது, பள்ளிக்கூடத்தில் ஃபீஸ் கட்ட ஒரு வாரம் தவணை கொடுத்தார்கள், கோபத்தில் வாய் வரை வந்த ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தையைக் கூட விடாதீர்கள், தடுத்ததும் அவர் அருள்தான். ஐந்து நிமிடம் போதும். களைப்பில் பாதியிலேயே தூங்கிவிட்டாலும் பாதகமில்லை.

3. திருப்பலியில் காணிக்கை முடிந்ததும் விழிப்பாக இருங்கள்.

நம்மில் பலர் கவனம் சிதறும் நேரம் அது. உண்டியல் தட்டு போய்விட்டது, பாட்டு முடிந்தது, சின்னப் பிள்ளை அழுகிறது. அப்போதுதான் குருவானவர் இதயங்களை எழுப்பச் சொல்லி, ஆண்டவருக்கு நன்றி கூறுவோம் என்று அழைக்கிறார். அது முறையானதுதான் என்று நாம் சம்மதம் சொல்கிறோம். தொடர்ந்து அவர் சொல்லும் தொடக்கவுரை, எப்போதும் எவ்விடத்திலும் நன்றி சொல்வது நம் கடமை என்று தந்தையை நோக்கிப் பேசுகிறது. பெரும்பாலும் எல்லாம் வல்லவர் என்றும் அவரை அழைக்கிறது. அன்றாடம் நடக்கும் பூசையிலும் இதுதான், பெருவிழாவிலும் இதுதான்.

அடக்கத் திருப்பலியிலும் இதுவே என்பதை நீங்கள் இன்னும் கவனித்திருக்க மாட்டீர்கள். பீடத்துக்கு முன்னால் பெட்டி இருக்கும், பக்கத்தில் பாஸ்காத் திரி எரியும், முதல் வரிசையில் மனைவியும் பிள்ளைகளும் அழுது ஓய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். அப்போதும் திருச்சபை இந்த உரையாடலை ஒரு சொல்லும் குறைக்காமல் சொல்கிறது. தொண்டை அடைத்து அந்தக் குடும்பத்தால் பதில் சொல்ல முடியாதபோது, பின்னால் நிற்கும் நாம் அவர்களுக்காகவும் சேர்த்துச் சொல்கிறோம். எப்போதும் என்று சொன்னதைத் திருச்சபை அப்படியே நடத்திக்காட்டுகிறது. இயேசு அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தியதும் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில்தானே.

4. ஒப்பிட்டு நன்றி சொல்லாதீர்கள்.

லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் கோயிலுக்குப் போன பரிசேயனும் நன்றியில்தான் தொடங்கினான். மற்றவர்களைப் போல் தான் இல்லை என்பதற்கு நன்றி. அவன் செபத்தை இயேசு ஏற்கவில்லை. நன்றி என்ற பெயரில் எதைச் சொன்னாலும் செபமாகிவிடாது.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து தொழிலுக்குப் போன பலர் திரும்பவே இல்லை. கரையேறியவர்கள் கடவுளுக்கு நன்றி சொன்னார்கள், சொல்லத்தான் வேண்டும். ஆனால் 'என் மீது அவருக்குத் தனிப் பிரியம், அதனால் காப்பாற்றினார்' என்று ஒருவன் சொன்னால், திரும்பாதவனின் மனைவி காதில் அது எப்படி விழும்? அவளுக்கும் அவர் அப்பாதான். தூத்துக்குடி உப்பளத்தில் பருவம் தப்பிப் பெய்யும் மழை பாத்தியில் விளைந்த உப்பைக் கரைத்து அன்றைய கூலியையும் கொண்டுபோகும். மேற்கே மானாவாரி நிலம் வைத்திருப்பவர் அதே மழைக்குக் கைகூப்புவார். நன்றி சொல்லுங்கள். கடவுள் உங்கள் பக்கம் சேர்ந்து இன்னொருவரைக் கைவிட்டார் என்ற பொருள் அதில் துளியும் வரக்கூடாது. கிடைத்ததில் ஒரு பங்கை இழந்தவர் வீட்டுக்குக் கொண்டுபோனால் உங்கள் நன்றி சுத்தமாகும்.

5. கேட்டது கிடைக்காத நாளில் கெத்சமனிக்குப் போங்கள்.

இந்த நாள் உங்கள் எல்லோருக்கும் வரும், ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மாற்கு நற்செய்தி 14ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். ஒலிவத் தோட்டத்தில் இயேசு கடவுளை அப்பா என்று அழைக்கிறார், அவரால் இயலாதது ஒன்றுமில்லை என்று அதே மூச்சில் அறிக்கையிடுகிறார், பிறகு துன்பக் கிண்ணத்தை அகற்றும்படி கேட்கிறார். நாம் நம்பிக்கை அறிக்கையில் சொல்லும் இரண்டும் அங்கே அவருடைய வேர்வையோடு கலந்து வருகின்றன. கிண்ணம் அகலவில்லை. கேட்டவர் அன்பு மகன், கேட்கப்பட்டவர் எல்லாம் வல்ல தந்தை, இருந்தும் சிலுவை வந்தது. ஆகவே உங்கள் செபம் நிறைவேறாதபோது, என்னிடம் விசுவாசம் போதவில்லை என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். அப்படிச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்களை நம்பவும் வேண்டாம். தந்தையின் வல்லமை எப்படிப்பட்டது என்பது மூன்றாம் நாள் கல்லறையில் தெரிந்தது. சாவைத் தாண்டிச் செல்லும் வல்லமை அது, நாம் எதிர்பார்க்கும் இடத்திலும் நேரத்திலும் அது எப்போதும் தெரிவதில்லை.

பவுல் நமக்குச் சொன்னது எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி கூறும்படி. தீமைக்காகவே நன்றி சொல் என்று அவர் சொல்லவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய், இதற்கும் நன்றி சொல்லு என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், தண்ணீர் கொடுங்கள், அவள் அழட்டும். புலம்பலும் செபம்தான். திருப்பாடல்களில் கணிசமான பங்கு புலம்பலாகவே இருக்கிறது. 22ஆம் திருப்பாடல் கைவிடப்பட்ட கதறலில் தொடங்கிப் புகழ்ச்சியில் முடிகிறது. 88ஆவது இருட்டிலேயே முடிந்துவிடுகிறது, அதையும் திருச்சபை திருப்புகழ்மாலையில் வைத்துச் செபிக்கிறது. கடவுளிடம் முறையிடுகிறவன் அவரை விட்டுப் போகாதவன்.

நம் மண்ணின் புனித தேவசகாயம் உங்களைப் போலவே வளர்ந்த வயதில் வந்தவர். 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, வீட்டில் அடுத்தடுத்து வந்த இழப்புகளால் மனம் உடைந்திருந்தபோது, திருவிதாங்கூர் படையில் இருந்த டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். ஆண்டவர் கொடுத்ததையும் எடுத்ததையும் சேர்த்தே போற்றியவர் யோபு. பிறகு அதிகாரம் அதிகாரமாக அவரிடமே வழக்காடியவரும் அவரே. கடைசியில், தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவர் அவர்தான் என்று கடவுள் சான்று சொல்கிறார். அந்தக் கதையைக் கேட்டவர் 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார், 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆறு ஆண்டுகளும் சில மாதங்களுமே அவருடைய கிறிஸ்தவ வாழ்க்கை, அதில் கடைசி மூன்று ஆண்டு சிறையும் சித்திரவதையும். 2022 மே 15 அன்று ரோமையில் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். துன்பத்தின் நடுவே அப்பா என்று எப்படி அழைப்பது என்ற கேள்வி வரும்போது, அவரிடம் பரிந்து பேசச் சொல்லிக் கேளுங்கள்.

6. சொந்த அப்பாவை நினைத்தால் மனம் கசக்கிறதா? அப்படியானால் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

குடித்துவிட்டு வந்து அடித்த அப்பா, விட்டுப்போன அப்பா, கடைசிவரை ஒரு நல்ல வார்த்தை பேசாத அப்பா. இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவர்கள் உங்களில் உண்டு. கடவுளை அப்பா என்று சொல்லவே நாக்கு எழவில்லை என்று என்னிடம் சொன்னவர்களை நான் கடிந்துகொண்டதில்லை. பெற்றோரின் குறைகள் இறைத்தந்தையின் முகத்தைப் பிள்ளைகளுக்கு மறைத்துவிடக்கூடும் என்பது திருச்சபைக்குத் தெரியும், அதன் மறைக்கல்வி நூலே இதைச் சொல்கிறது. அசிசி நகரப் புனித பிரான்சிஸ் 1206 வாக்கில், ஆயரின் முன்னிலையில், உடுத்திய துணிகளையும் கழற்றித் தம் தந்தை பியெத்ரோ பெர்னார்தோனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, இனி விண்ணகத்தில் இருப்பவரையே தந்தை என்பேன் என்று அறிவித்தார். 1225இல் கண்பார்வை மங்கி, வலியோடு கிடந்தபோது, கதிரவனையும் நிலவையும் தண்ணீரையும் உடன்பிறப்புகளாக அழைத்துக் கடவுளைப் புகழ்ந்து பாட்டுக் கட்டினார். அப்பாவைத் தேடிக் கண்டுபிடித்தவனுக்கு உலகமெல்லாம் சொந்தமாகிவிடுகிறது. உங்களுக்கு இப்போதைக்கு அந்தச் சொல் வராவிட்டால் எசாயா நூலைத் திறங்கள், அங்கே கடவுள் தாயைப் போலத் தேற்றுகிறார். அங்கிருந்து தொடங்குங்கள்.

7. நேர்ச்சை செய்யுங்கள், பேரம் பேசாதீர்கள்.

வேளாங்கண்ணியில் காணிக்கைப் பொருட்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். வெள்ளியில் செய்த கை, கால், தொட்டில் என்று ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் கண்ணீரும் நன்றியும். மொட்டை போடுவதும், மணலில் முழந்தாளிட்டு நகர்வதும், அசனம் போடுவதும் நல்ல வழக்கங்கள், யாராவது கேலி செய்தாலும் அவற்றை விட்டுவிடாதீர்கள். 'நீ இதைச் செய்தால் நான் அதைத் தருவேன்' என்ற எண்ணம் மட்டும் உள்ளே நுழையக்கூடாது. தொழுநோயாளர் பத்துப் பேரை இயேசு குணமாக்கினார். திரும்பி வராத ஒன்பது பேரும் கெட்டவர்கள் இல்லை. குருக்களிடம் போய்க் காட்டுங்கள் என்று அவர் சொன்னபடிதான் போனார்கள். சடங்கு நிறைவேறியது, கொடுத்தவரின் காலடிக்கு ஒருவன் மட்டும் வந்தான். மொட்டை போட்டு முடித்த பிறகு கோயிலுக்குள் போய்ச் சற்று நேரம் உட்காருங்கள்.

மாதாவுக்கு நன்றி சொல்லலாமா என்று சிலர் கேட்கிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். எலிசபெத்து தம்மை வாழ்த்தியபோது அந்தப் புகழ்ச்சி முழுவதையும் வல்லவராம் கடவுளுக்கே திருப்பிவிட்டவர் அவர். உங்கள் நன்றியையும் அங்கேயே கொண்டு சேர்ப்பார்.

8. கடவுளுக்குச் சொன்ன நன்றி மனிதர்களுக்கும் எட்டட்டும்.

ராத்திரி முழுக்கக் கண்விழித்த நர்ஸுக்கும், கடன் கேட்டபோது முகம் சுளிக்காத மச்சானுக்கும், ஞானப்பெற்றோருக்கும் வாய்விட்டு நன்றி சொல்லுங்கள். ஆனால் நன்றியுள்ளவன் தன் பொறுப்பையும் உரிமையையும் விட்டுவிட வேண்டியதில்லை. அப்பா பார்த்துக்கொள்வார் என்று சொல்லிக்கொண்டு புயல் எச்சரிக்கை நாளில் கடலுக்குப் போகாதீர்கள். கொடுக்காத கூலியைக் கேட்டு வாங்குவதும் நன்றிகெட்டதனம் ஆகாது.

9. திருமுழுக்கு நாளைக் குறித்துவையுங்கள்.

பாஸ்கா ஆண்டுதோறும் தேதி மாறும், அதனால் உங்கள் திருமுழுக்கு நாள் எளிதில் நினைவிலிருந்து நழுவிவிடும். பங்கு அலுவலகத்தில் சான்றிதழ் வாங்கி, தேதியை வீட்டுக் காலண்டரில் எழுதுங்கள். ஆண்டுதோறும் அன்றைக்குக் குடும்பத்தோடு பூசைக்குப் போங்கள். வீட்டுக்கு வந்ததும் அன்று உங்களுக்குத் தந்த மெழுகுதிரியை ஏற்றிவைத்து, எல்லோரும் சேர்ந்து ஆண்டவர் கற்பித்த செபத்தைச் சொல்லுங்கள். திருமுழுக்குப் பெறாத மனைவியோ கணவரோ பெற்றோரோ வீட்டில் இருந்தால் அவர்களையும் அன்றைய சாப்பாட்டுக்கு உட்கார வையுங்கள். செபம் சொல்லும்படி வற்புறுத்த வேண்டாம். இலையில் முதல் பரிமாறல் அவர்களுக்கு.