வாடகை குறைந்த தெரு எது? நம்பிக்கைகளும் உண்மைகளும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலக் கல்வெட்டு (கி.பி. 921), ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலையில் பெயர் எழுதப்படுவதற்கு வேண்டிய தகுதிகளாக 35 முதல் 70 வரையான வயதையும், கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலத்தையும், அதாவது வரி செலுத்தும் நிலத்தையும், சொந்த மனையில் எடுத்த வீட்டில் குடியிருப்பதையும் வகுத்துச் சொல்கிறது. வாடகைக்குக் குடியிருந்தவருக்கு அந்தச் சபையின் வாரியங்களில் இடமிருந்திருக்காது. ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்து, அதே ஊரிலிருந்து ஏறத்தாழ 90 கி.மீ. தொலைவிலுள்ள சென்னைக்குப் பிழைப்புத் தேடிப் போகும் குடும்பங்கள் முதலில் தேடுவது வாடகை வீட்டைத்தான். அந்தத் தேடலை நடத்திச் செல்பவையோ, முன்னே போனவர்கள் சொல்லி வைத்த சில நம்பிக்கைகள்.

நம்பிக்கை: நகரை விட்டுத் தள்ளிப் போகப் போகச் செலவு குறையும்.

குறைவது வாடகை மட்டுமே. ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டித் தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் என்று செங்கல்பட்டை நோக்கி நகரும்போது வாடகை பொதுவாக இறங்குகிறது என்பது உண்மைதான். ஆனால் ஒரே ஊருக்குள்ளேயே, ரயில் நிலையத்துக்கு நடந்து போகக்கூடிய தெருவுக்கும் மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் நகருக்கும் உள்ள வேறுபாடு இதைவிடக் கூர்மையானது. எடுத்துக்காட்டாக, நிலையத்தருகே 9,000 ரூபாய்க்கும் உள்ளே 7,000 ரூபாய்க்கும் வீடு கிடைப்பதாகவும், வீட்டில் இருவர் வேலைக்குப் போவதாகவும் கொண்டால், ஷேர் ஆட்டோவுக்கு ஆளுக்கு ஒரு நடைக்கு 20 ரூபாய் வீதம் நாளொன்றுக்கு 80 ரூபாயும், மாதத்தில் 25 நாள்களுக்கு 2,000 ரூபாயும் ஆகின்றன. மிச்சம் பிடித்த பணம் முழுவதும் ஆட்டோவிலேயே போய்விடுகிறது. நிலையத்துக்கு வந்து சேர்ந்துவிட்டால், மின்சார ரயிலின் மாத சீசன் சீட்டு அந்த ஆட்டோச் செலவின் முன் மிகச் சிறிய தொகை. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை அடுத்தடுத்து ஓடும் வண்டிகள், அதற்கு அப்பால் செங்கல்பட்டு வரை அவ்வளவு நெருக்கமாக ஓடுவதில்லை என்பதால், இரவு வேலை முடித்துத் திரும்புவோர் வாடகையைக் கேட்பதற்கு முன்பே கடைசி வண்டியின் நேரத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது.

நம்பிக்கை: 2015இல் வந்தது நூற்றாண்டு வெள்ளம், அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் இனிப் பயமில்லை.

2015 டிசம்பரில் மூழ்கிய முடிச்சூரும் வரதராஜபுரமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மீண்டும் தண்ணீரில் நின்றன. இடைவெளி எட்டே ஆண்டுகள். ஆதனூர், மணிமங்கலம் போன்ற ஏரிகளின் உபரிநீர் வந்து சேரும் அடையாற்றின் மேற்பகுதியில் இவ்விரு ஊர்களும் அமைந்திருப்பதே காரணம். அங்கீகாரம் என்பது மனைப்பிரிவு திட்ட விதிகளுக்கு உட்பட்டது என்பதற்கான சான்றே தவிர, தண்ணீர் வராது என்பதற்கான உறுதிமொழி அன்று. வெள்ளம் மலிவான பகுதிகளுக்கு மட்டும் உரியதும் அன்று: பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்துள்ள வேளச்சேரியில் வாடகை குறைவே இல்லை, தண்ணீர் மட்டும் தாராளமாக வருகிறது.

இங்கே உத்திரமேரூர்க்காரருக்கு நகரவாசியிடம் இல்லாத ஓர் அறிவு உண்டு. அதே கல்வெட்டு ஏரிக்கென்றே ‘ஏரி வாரியம்’ என்ற குழுவைக் குறிப்பிடுகிறது. அந்த ஊரில் வளர்ந்தவருக்கு, ஏரி நிரம்பினால் மிகைநீர் வழியும் கலங்கல் எந்தப் பக்கம், அங்கிருந்து வாய்க்கால் எங்கே போகிறது என்று பார்ப்பது புதிதன்று. அந்தக் கண்ணோடு புறநகர்த் தெருவைப் பார்த்தால், தரகர் சொல்லாதவை பல தெரியவரும்: சுற்றுச்சுவரில் ஒரே மட்டத்தில் ஓடும் பழுப்புக் கோடு, தரையருகே இருந்து பெயர்த்து மார்பளவு உயரத்தில் மாட்டப்பட்ட மின் மீட்டர், சாலையைவிட இரண்டடி உயர்த்திக் கட்டிய பக்கத்து வீட்டு வாசற்படி. மழையில் மூழ்கும் தெருவே கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருப்பதும் உண்டு; சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்ட 2019 கோடை அதைக் காட்டியது. குழாய் வாயில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால், குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர் வாங்கும் செலவை வாடகையோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை: பத்து மாத அட்வான்ஸ், பதினோரு மாத ஒப்பந்தம், இதுதான் சட்டம்.

இது வழக்கம் மட்டுமே. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதால், அதைத் தவிர்க்கப் பிறந்ததே பதினோரு மாதக் கணக்கு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, வீட்டு உரிமையாளர் மற்றும் வாடகைதாரரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும், அது வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்றும் கூறுகிறது. வேறு உடன்பாடு இல்லாத நிலையில் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்பதும் அதில் உள்ளது. அந்த ‘வேறு உடன்பாடு’ என்ற வாசலின் வழியாகவே பத்து மாத அட்வான்ஸ் இன்னமும் உள்ளே நுழைகிறது என்பதால், கையெழுத்திடுமுன் அந்த வரியைப் படிப்பவருக்கே பேரம் பேச இடமுண்டு. மின்சாரத்திலும் இதுபோன்ற ஒரு நுணுக்கம் இருக்கிறது: இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற சலுகை மின் இணைப்புக்கு உரியது, தனி இணைப்பின்றி, உரிமையாளர் வைத்த துணை மீட்டரின்படி பணம் கட்டுபவருக்கு அது தானாக வந்து சேர்வதில்லை.

நம்பிக்கை: லீஸ் வீடு வாடகையில்லா வீடு.

சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்து, காலி செய்யும்போது திரும்பப் பெறும் இந்த முறையில், அந்தப் பணத்துக்குக் கிடைத்திருக்கும் வட்டியே வாடகை. அதைவிடப் பெரிய இடர், அதே வீடு வங்கியில் அடமானத்தில் இருப்பது. சொத்தின் மீதுள்ள பதிவு செய்யப்பட்ட பொறுப்புகளைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பார்க்காமல் பணத்தைக் கொடுப்பது துணிச்சல் அன்று, அவசரம்.

நம்பிக்கை: வேலைக்குப் போக வேண்டுமானால் சென்னையில்தான் குடியிருக்க வேண்டும்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் ஆகிய இடங்களில் தொழிற்சாலைகள் வந்த பின் இது பாதி மட்டுமே உண்மை. ஒரகடத்தில் வேலை கிடைத்தவர் தாம்பரத்தில் வீடு பிடித்தால், வேலையிடத்திலிருந்து விலகி, நகரத்து வாடகையை வீணே கொடுக்கிறார். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலேயே ஒரகடம் இருப்பதால், உத்திரமேரூருக்கு அண்மையிலுள்ள வாலாஜாபாத் அவருக்குப் பொருத்தமாக அமையலாம், அங்கே ரயில் நிலையமும் உண்டு. தனியாக வேலைக்கு வரும் பெண்களுக்கு, வல்லம் வடகாலில் சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட, 18,720 பேர் தங்கக்கூடிய விடுதியும், அரசின் தோழி விடுதிகளும் வாடகை வீட்டுக்கு மாற்றாக இருக்கின்றன. மற்றவர்கள் கம்பெனி பஸ் எந்த நிறுத்தத்தில், எந்த ஷிப்ட்டுக்கு, எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த நிறுத்தத்திலிருந்து நடை தூரத்தில் வீடு தேடத் தொடங்கலாம்.