விதையும் நிலமும்

செஞ்சியை அடுத்த வல்லம் வட்டாரத்தில் நிலக்கடலையை மல்லாட்டை என்பர். விளைச்சல் குன்றினால் அவ்வூர் உழவர் விதையை மட்டும் குறை கூறுவதில்லை, மண்ணையும் பார்ப்பர். மார்பகப் புற்றுநோயை மருத்துவம் இவ்வாறு நோக்கக் கற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று.

இலண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட், அந்நோயால் இறந்த 735 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 1889இல் ஒரு கருத்தை வெளியிட்டார். புற்று, உடலெங்கும் ஒரே சீராகப் பரவவில்லை. கல்லீரல், எலும்பு போன்ற சில உறுப்புகளையே மிகுதியும் நாடியது. புற்றுச் செல் விதை, உறுப்பு நிலம். ஏற்ற நிலத்திலேயே விதை முளைக்கும் என்றார். அவர் கூறியது நோய் பரவும் முறையைப் பற்றி. மருந்துக்குப் புற்று பணிய மறுப்பதிலும் நிலத்திற்குப் பங்குண்டு என்பது பின்னரே தெளிந்தது.

கட்டி என்பது புற்றுச் செல்களின் குவியல் மட்டுமன்று. கொழுப்புச் செல்கள், இரத்த நாளங்கள், நோய் எதிர்ப்புச் செல்கள் ஆகியனவும் அதனைச் சூழ்ந்துள்ளன. எனினும் முதன்மையானவை ஃபைப்ரோபிளாஸ்ட் எனப்படும் நார்ச் செல்களே. காயம் பட்ட இடத்தில் கொலாஜன் என்னும் புரத இழைகளைச் சுரந்து புண்ணை ஆற்றுவது அவற்றின் பணி. புண் ஆறியதும் அவை ஓய்ந்துவிடும். கட்டியின் அருகிலோ ஓய்வதில்லை. கட்டியை ஆறாத புண்ணுக்கு ஒப்பிட்டார் ஹெரால்டு துவோரக், 1986இல். இழைகள் மேன்மேலும் அடர்கின்றன, கட்டி இறுகுகிறது, நாளங்கள் நசுங்குகின்றன. இறுகிய மண்ணில் பாய்ச்சிய நீர் வேருக்கு எட்டாததுபோல, குருதிவழி வரும் மருந்து உள்ளே போதிய அளவு சேர்வதில்லை. சேர்ந்த மருந்துக்கும் தடையுண்டு. நார்ச் செல்கள் சுரக்கும் இன்டர்லியூக்கின்-6 முதலிய புரதங்கள், மடியவிருக்கும் புற்றுச் செல்லைப் பிழைத்திருக்கத் தூண்டுகின்றன. உடலைக் காக்க வேண்டிய பெருவிழுங்குச் செல்களும் பலவேளை கட்டியின் பக்கம் சாய்ந்துவிடுகின்றன.

டாக்டர் முத்துலட்சுமி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், முற்றிய மார்பகப் புற்றுக்கு அறுவைக்கு முன்பே மருந்தும் கதிர்வீச்சும் தரும் முறையைக் கையாண்டது. அறுவைக்கு முன் மருந்து தருகையில், கட்டி கரைகிறதா இல்லையா என்பதை மருத்துவர் கண்கூடாகக் காணலாம். ஒருவருக்குக் கரைந்தது மற்றொருவருக்குக் கரையாமல் நின்றால், அதனை அவர்தம் ஊழ் என்று சுற்றத்தார் பேசுவது பொருந்தாது.

அவ்வாறாயின் நார்ச் செல்களையே அழித்துவிடலாமே? எலிகளில் அதனைச் செய்து பார்த்தனர். 2014இல் வெளியான கணையப் புற்று ஆய்வுகளில், அவற்றை நீக்கியபோது நோய் தணியவில்லை, முன்னினும் மூர்க்கமாயிற்று. புற்றுக்கு உணவூட்டிய அச்செல்களே அதற்கு வேலியாகவும் நின்றிருந்தன. ஆகவே, அவற்றை அழிக்காமல் பழைய அமைதி நிலைக்குத் திருப்பும் மருந்துகளை இன்று ஆய்வாளர் பலர் தேடி வருகின்றனர்.