கல்லூரிக்கு ஏன் வந்தோம்?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

முன்னுரை

கல்வியின் சிறப்பைப் பற்றிப் பள்ளி நாட்களில் நாம் அனைவரும் கட்டுரை எழுதி மதிப்பெண் பெற்றிருக்கிறோம். ஆனால், "நீ ஏன் கல்லூரிக்கு வந்தாய்?" என்று யாரேனும் நேரில் கேட்டால், அக்கட்டுரையில் எழுதிய விடை நம் வாயில் வருவதில்லை. சென்ற ஆண்டு கல்லூரி திறந்த முதல் வாரத்தில் எங்கள் வகுப்பில் இக்கேள்வி எழுந்தது. "பொறியியலுக்குப் பணம் கட்ட முடியவில்லை" என்றார் ஒருவர். "ஊரிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்துவிடலாம்" என்றார் மற்றொருவர். "படிக்கிறேன் என்றால் கல்யாணப் பேச்சு மூன்று ஆண்டு தள்ளிப் போகும்" என்றார் ஒரு தோழி. பெரும்பாலோர், "டிகிரி இருந்தால் ஏதாவது ஒரு வேலை கிடைக்கும்" என்றனர். நானும் அதையே சொன்னேன்.

இவ்விடைகளில் எதுவும் இழிவானதன்று. எனினும், இவை மட்டும் போதுமா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பட்டமும் பணியும்

வேலைக்காகப் படிப்பது இன்றைய தலைமுறையின் குறை என்று சிலர் கருதுகின்றனர். அது சரியன்று. 1844ஆம் ஆண்டிலேயே, ஆங்கிலக் கல்வி பெற்றவர்களுக்கு அரசுப் பணிகளில் முன்னுரிமை தரப்படும் என்று அன்றைய தலைமை ஆளுநர் ஹார்டிஞ்ச் பிரபு அறிவித்தார். அதற்குப் பிறகுதான், 1857இல், சென்னை, பம்பாய், கல்கத்தா பல்கலைக்கழகங்கள் தோன்றின. ஆகவே, பட்டத்துக்கும் சம்பளத்துக்கும் உள்ள உறவு நம் கல்லூரிகளின் வயதை ஒத்தது.

ஆனால், அன்று பட்டதாரிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். இன்று நிலைமை வேறு. 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கையின்படி, உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் இந்திய அளவில் 28.4, தமிழ்நாட்டில் 47. இது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. அதே வேளையில், பட்டம் என்னும் தாள் மட்டுமே ஒருவரைத் தனித்துக் காட்டிய காலம் போய்விட்டது என்பதையும் இது உணர்த்துகிறது. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே அடிப்படைத் தகுதி. அத்தேர்வைப் பட்டதாரிகளும் பெருந்திரளாக எழுதுகின்றனர். வேலை ஒன்றுதான் குறிக்கோள் என்றால், அந்த வேலைக்குத் தேவையில்லாத மூன்று ஆண்டுகளை இங்கே ஏன் கழிக்க வேண்டும்?

உண்மையான கட்டணம்

அரசுக் கல்லூரியில் நாம் கட்டும் பணம் குறைவு. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வந்த மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022இலும், மாணவர்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் 2024இலும் தொடங்கப்பட்டன. ஆகவே, படிப்பு நமக்கு ஏறக்குறைய இலவசம் என்று எண்ணத் தோன்றும்.

ஆனால், கல்லூரி அலுவலக ரசீதில் எழுதப்படாத கட்டணம் ஒன்று உண்டு. என்னோடு பிளஸ் டூ படித்த நண்பன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குச் சென்றான். சனிக்கிழமைதோறும் சம்பளம் வாங்குகிறான். தங்கைக்குத் தோடு வாங்கிக் கொடுத்துவிட்டான். என் தந்தை செங்கல் சூளையில் கல் அறுப்பவர். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். "மூணு வருசம் நான் இழுத்துக்கிறேன், நீ படி" என்றார் அவர். நான் ஈட்டியிருக்கக்கூடிய மூன்று ஆண்டுக் கூலியை விட்டுக்கொடுத்தே என்னை அனுப்பியிருக்கிறார். நம்மில் பலருடைய உண்மையான கல்விக் கட்டணம் இதுதான். இவ்வளவு விலை கொடுத்து வாங்கும் பொருள் இன்னதென்று அறியாமல் இருக்கலாமா?

ஆய்வுக்கூடம் தந்த விடை

இக்கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது, நான் செய்த ஒரு தவற்றின் வாயிலாகவே.

நீரின் கடினத்தன்மையை அளவிடும் சோதனை எங்களுக்கு வந்தது. நீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகளே கடினத்தன்மைக்குக் காரணம். அந்நீரில் சோப்பு நுரைக்காது. எரியோகுரோம் பிளாக் டி என்னும் நிறங்காட்டியைச் சேர்த்து, இ.டி.டி.ஏ. கரைசலைப் பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டால், ஒயின் சிவப்பு நிறம் நீலமாக மாறும். மாறும் அந்தச் சொட்டில் நிறுத்தி அளவைக் குறிக்க வேண்டும். நான் பொறுமையிழந்தேன். மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவரின் ரெக்கார்டு நோட்டில் இருந்த அளவையே எழுதி நீட்டினேன்.

பேராசிரியர் கோபிக்கவில்லை. "இந்த எண் சரியான எண்தான். ஆனால், போன வருடத்துத் தண்ணீருக்குச் சரி. உன் குடுவையில் இருக்கும் தண்ணீரை நீ இன்னும் கேட்கவே இல்லையே" என்றார். வகுப்பு முடிந்து அனைவரும் சென்ற பின்னும் நின்று, மூன்று முறை அளந்தேன். அடுத்தடுத்து இரு அளவுகள் ஒத்து வந்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சி, அதுவரை எந்த மதிப்பெண்ணிலும் நான் அடையாதது.

அடுத்த வாரம் அவருடைய அனுமதியுடன் எங்கள் தெரு ஆழ்குழாய் நீரைப் பாட்டிலில் கொண்டு வந்தேன். 20 மில்லி லிட்டர் நீருக்கு 0.01 மோலார் கரைசல் 9.6 மில்லி லிட்டர் செலவாயிற்று. அதாவது லிட்டருக்கு 480 மில்லி கிராம். குடிநீரில் இது 200க்குள் இருப்பது நலம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரையறை. "படிகாரம் போட்டால் உப்பு போய்விடும்" என்று நம்பியிருந்த என் தாயிடம், அது கலங்கலைத்தான் தெளிய வைக்கும், உப்பை நீக்காது என்று விளக்கினேன். "அப்போ உப்பு எம்புட்டு இருக்குன்னு நீயே பாத்தியா?" என்று கேட்டார். "ஆமாம் அம்மா, நானே பார்த்தேன்" என்று சொல்ல முடிந்தது. காப்பியடித்த எண்ணை வைத்துக்கொண்டு அவ்விடையை நான் சொல்லியிருக்க முடியாது.

பிறர் சொன்னதை அப்படியே எழுதாமல், தானே அளந்து, தவறினால் மறுபடியும் அளந்து, பின்னரே சொல்லும் பழக்கம், இதுவே கல்லூரி தரும் பொருள். வரலாறு படிப்போருக்கு ஆவணமும், பொருளியல் படிப்போருக்குக் கணக்கும் இதே பாடத்தைத்தான் கற்பிக்கின்றன.

முன்சென்ற இருவர்

இப்பழக்கம் வேலைக்குப் பகையன்று. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சர் சி. வி. இராமன், 1907இல் நிதித்துறைப் பணியில்தான் சேர்ந்தார். கல்கத்தாவில் அலுவலக நேரம் போக எஞ்சிய காலையிலும் மாலையிலும் ஆய்வு செய்தார். பத்தாண்டுகள் கழிந்து பேராசிரியரானார். 1930இல் நோபல் பரிசு பெற்றார். சம்பளத்துக்காக ஒரு பணி, அறிவுக்காக ஓர் உழைப்பு என இரண்டுக்கும் அவர் வாழ்வில் இடம் இருந்தது.

கல்யாணப் பேச்சைத் தள்ளிப் போட வந்ததாகச் சொன்ன தோழிக்கும் ஒரு முன்னோடி உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற பிறகே, 1914இல் திருமணம் செய்துகொண்டார். 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவாக அவரே காரணமானார். தமக்கெனக் கேட்டுப் பெற்ற சில ஆண்டுகளைப் பல்லாயிரம் பேருக்குப் பயனாகத் திருப்பித் தந்தவர் அவர்.

முடிவுரை

மாணவ நண்பர்களே! நாம் எக்காரணத்துக்காகக் கல்லூரிக்கு வந்திருந்தாலும் வெட்கப்பட வேண்டியதில்லை. வேலைக்காக வந்தோம், அந்த வேலையைத் தேடுவோம். நான்காம் தொகுதித் தேர்வை நானும் எழுதத்தான் போகிறேன். ஆனால், வந்த காரணமே இங்கிருந்து செல்லும்போதும் நம்மிடம் இருக்கும் ஒரே காரணமாக இருந்துவிடக் கூடாது. சூளையில் அறுக்கும் ஒவ்வொரு கல்லையும் என் தந்தை தம் கையால்தான் அறுக்கிறார். அடுத்தவர் அறுத்ததைத் தம் கணக்கில் எழுதுவதில்லை. அவர் அனுப்பிய மகன் தன் நோட்டில் எழுதும் எண்ணும் அவ்வாறே இருக்க வேண்டும் என்பதே, இவ்விரண்டு ஆண்டுகளில் நான் கற்ற பாடம்.