கம்ப்யூட்டர் திரை வாங்கும் வியாபாரிகள் கவனத்திற்கு



பேரேடு இருந்த இடத்தில் இன்று கம்ப்யூட்டர் இருக்கிறது. 2024 ஆகஸ்டு 1-ல் உள்நாட்டு வருமான வரி வாரியம் இ-இன்வாய்ஸ் முறையைத் தொடங்கியது. முதலில் ஆண்டுக்கு 10 கோடி வெள்ளிக்கு மேல் விற்பனையுள்ள நிறுவனங்களுக்கும், பின்னர் படிப்படியாக அதற்குக் கீழுள்ளவர்களுக்கும் அது வந்தது. சிறு கடைகளுக்கு விலக்கு உண்டெனினும், கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பது நமக்கும் அவசியமாகிவிட்டது. ஆகவே நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய திரையைக் குறைந்த செலவில் எப்படித் தெரிந்து வாங்குவது என்பதைச் சற்று ஆராய்வோம்.

முதலாவது, அளவு. ஜவுளிக்கடைக்காரர் துணியின் நீளத்தையும் பன்னாவையும் தனித்தனியே சொல்லி விற்கிறார். மூலைக்கு மூலை நாடாவைப் பிடித்து, இத்தனை கெஜம் என்றால் நாம் ஒப்புக்கொள்வோமா? திரையை மட்டும் அப்படித்தான் அளக்கிறார்கள். 19 அங்குலம் என்பது ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைவரை உள்ள தூரம். இதில் மோசடி ஒன்றுமில்லை. உலகமெங்கும் வழக்கம் அதுவே. ஆனால் அந்த ஒரு எண்ணை மட்டும் கேட்டு வாங்குகிறவருக்கு நஷ்டம் வரக்கூடும்.

கணக்கைப் பாருங்கள். ஏறக்குறைய சதுரமாயிருந்த பழைய 19 அங்குலத் திரையின் அகலம் சுமார் 14.8 அங்குலம், உயரம் 11.9 அங்குலம். பரப்பு 176 சதுர அங்குலம். இப்போது கிடைக்கும் அகலத்திரை, அதே 19 அங்குலமானால், அகலம் 16.6, உயரம் 9.3. பரப்பு 154 மட்டுமே. பெயர் ஒன்று, பண்டம் குறைவு! கணக்கை நாம் மேலிருந்து கீழாக அல்லவா படிக்கிறோம்? அந்த உயரத்தில்தான் இரண்டரை அங்குலம் போய்விட்டது. ஏறக்குறைய பழைய திரையின் உயரமே வேண்டுமென்றால் 24 அங்குல அகலத்திரை வாங்க வேண்டும். அதன் உயரம் சுமார் 11.8 அங்குலம்.

இரண்டாவது, புள்ளிகள். திரையில் தெரியும் எழுத்தெல்லாம் சிறு புள்ளிகளால் ஆனவை. விலை குறைந்த சிறிய திரைகளில் 1366 × 768 என்றிருக்கும். குறுக்கே 1366, மேலிருந்து கீழே 768 என்பது பொருள். பழைய 19 அங்குலத் திரையில் மேலிருந்து கீழே 1024 புள்ளிகள் இருந்தன. ஆகவே 768-ஐ வாங்கினால் நாலில் ஒரு பங்கு வரிகள் மறைந்துபோகும். 1920 × 1080 உள்ளதையே கேளுங்கள். 27 அங்குலத் திரையிலும் இதே 1920 × 1080 என்றிருந்தால் எழுத்து பெரிதாகும். ஒரு வரிகூட அதிகம் வராது. நாற்பது வயதைத் தாண்டிய நம் போன்றோர் கண்ணுக்கு அதுவும் உபகாரமே. எனினும் தெரிந்து வாங்க வேண்டும்.

மூன்றாவது, திரையின் வகை. டி.என்., வி.ஏ., ஐ.பி.எஸ். என மூன்று உண்டு. டி.என். திரையைப் பக்கத்திலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் நிறம் மாறி எழுத்து மங்கும். கல்லாவில் நாமும் வாடிக்கையாளரும் ஒரே திரையைப் பார்ப்பதுண்டு, அதற்கு ஐ.பி.எஸ். ஏற்றது. எல்.இ.டி. என்று எழுதிய சாதாரண மானிட்டரும் எல்.சி.டி.தான், பின்னாலுள்ள விளக்கு மட்டுமே எல்.இ.டி. அதைப் புதுச்சரக்கென்று எண்ணி அதிகம் கொடுக்க வேண்டாம்.

சிக்கனம் செய்யக்கூடிய இடங்களும் உண்டு. வளைந்த திரை, உள்ளே ஒலிபெருக்கி, விநாடிக்கு 144 முறை மாறும் படம் ஆகியவை விளையாட்டுக்கு உதவும். கணக்குக்கு 60 முறை போதும். லட்சக்கணக்கில் எழுதப்படும் 'டைனமிக் கான்ட்ராஸ்ட்' எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம்.

ஜொகூர் பாருவில் ஹாலிடே பிளாசா போன்ற இடத்துக்குப் போகும்போது அளவு நாடா ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். உங்கள் கம்ப்யூட்டரின் பின்புறம் வி.ஜி.ஏ. துளையா, எச்.டி.எம்.ஐ. துளையா என்று முன்னரே பார்த்து வையுங்கள். பணம் கொடுக்குமுன் திரை முழுவதையும் ஒருமுறை வெள்ளையாகவும் ஒருமுறை கறுப்பாகவும் காட்டச் சொல்லி, செத்த புள்ளி இருக்கிறதா என்று கவனியுங்கள். பழைய திரை வாங்குவோர் அரைமணி நேரமாவது எரியவிட்டுப் பார்ப்பது நலம். விளக்கு தேய்ந்திருந்தால் மஞ்சளடிக்கும் அல்லது மங்கும். சிங்கப்பூரில் வாங்குவோர், அந்த உத்தரவாதம் இங்கே செல்லுமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சுருக்கம் இது: 22 முதல் 24 அங்குலம், 1920 × 1080, ஐ.பி.எஸ்., எழுத்தில் உத்தரவாதம். இந்த நான்கும் இருந்தால், மற்றவற்றில் எது குறைந்தாலும் கடைக் கணக்குக்குக் குறைவில்லை. அளந்து கொடுப்பது நம் தொழில். வாங்கும்போதும் அளந்தே வாங்குவோமாக.