தான்சானியாவுக்கு இறைப்பணிக்குப் போகும் இளைஞர்களுக்கு

பெட்டி கட்டும்போதே ஒன்றைக் கவனியுங்கள்: 2019 ஜூன் முதல் தான்சானியாவில் பிளாஸ்டிக் கேரி பேக்குகளுக்குத் தடை. அவற்றை வீட்டிலேயே எடுத்துவிட்டுத் துணிப்பை வையுங்கள்.

போனதும் பலரைத் தடுமாற வைப்பது மணிக்கணக்கு. சுவாஹிலியில் நேரத்தை விடியலிலிருந்து எண்ணுவார்கள். நம் காலை 7 மணி அங்கே ‘சா மோஜா’, அதாவது ஒரு மணி. ஜெபக்கூட்டம் ‘சா தாத்து’வுக்கு, அதாவது மூன்று மணிக்கு என்றால் காலை 9 மணிக்கே போய்விட வேண்டும். சொன்ன எண்ணோடு 6 கூட்டிக்கொள்ளுங்கள். காலையா, மாலையா என்றும் தயங்காமல் கேளுங்கள்.

பெரியவர்களைக் கண்டால் ‘ஷிகமோ’ என்று வணங்குங்கள். ‘மரஹபா’ என்று பதில் வரும். வீடு, பிள்ளைகள், வேலை என்று விசாரிப்பு நீளும். வந்த காரியத்தை அதன் பிறகே பேசுங்கள். பிரசங்கம் செய்ய நாள் இருக்கிறது. ஊரார் மனதில் இடம் கிடைப்பது இந்த விசாரிப்பில்தான்.

சாப்பாட்டுக்கு முன் கையில் தண்ணீர் ஊற்றுவார்கள். உகாலி என்னும் மக்காச்சோளக் களியை வலது கையால் பிட்டு உருட்டி, கட்டைவிரலால் குழித்து, அதில் கீரையையோ குழம்பையோ அள்ளிச் சாப்பிடுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம் மலேரியா. தடுப்பு மாத்திரையைப் புறப்படும் முன்பே தொடங்க வேண்டும், மருத்துவரிடம் கேளுங்கள். கொசுவலையின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டுத் தூங்குங்கள். காய்ச்சல் கண்டால் ஜெபத்தோடு நிறுத்தாமல் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஊர் திரும்பிச் சில மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், தான்சானியாவில் இருந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.