கார் ரேடியோ ஊமையானால்...



கார் கம்பெனியிலேயே பொருத்தி வரும் ரேடியோவை நாம் ஒரு பெட்டி என்று நினைக்கிறோம். உண்மையில் பேட்டரி, சாவி சுவிட்ச், ஏரியல், கதவுகளில் உள்ள ஸ்பீக்கர்கள், இவற்றுக்கு இடையே ஓடும் ஒயர்கள் எல்லாம் சேர்ந்ததுதான் ரேடியோ. பெட்டியை மட்டும் குறை சொல்வதால்தான் வீண் செலவு வருகிறது.

என் மாமாவின் டாக்ஸியில் டிஸ்ப்ளே எரியும், கோவை ரெயின்போ 103 என்று எண் வரும், ஆனால் நான்கு ஸ்பீக்கரிலும் சத்தம் இல்லை. ஒரு கடையில், "ஐ.சி. போயிடுச்சுங்க, செட்டையே மாத்தோணும், ஏழாயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். அது அவருக்குப் பல நாள் வருமானம். "ஏன் மாப்ளே, எலக்ட்ரானிக்ஸ்தானே படிக்கறே, என்னன்னு பாரு" என்றார்.

செட்டுக்கு 12 வோல்ட் இரண்டு வழியில் வரும். ஒன்று எப்போதும் இருக்கும். கடிகாரமும் ஸ்டேஷன் நினைவும் அதில்தான் ஓடும். மற்றது சாவியைத் திருப்பினால் மட்டும் வரும். மூன்றாவது எர்த். டிஸ்ப்ளே எரிந்ததால் இவை சரி என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்தது அவுட்புட் ஐ.சி. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வீட்டு ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கரின் ஒரு ஒயர் பெரும்பாலும் எர்த். கார் செட்டில் அப்படி இல்லை, பிரிட்ஜ் முறை. ஸ்பீக்கரின் இரண்டு ஒயரிலும் சப்ளையில் பாதி, அதாவது 6, 7 வோல்ட் நிற்கும். இரண்டும் சமமாக இருப்பதால் பாட்டு இல்லாத நேரத்தில் கரண்ட் ஓடாது. இதில் ஏதாவது ஒன்று கார் பாடியைத் தொட்டாலும் போச்சு. ஐ.சி. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அடங்கிவிடும். சில செட்டுகளில் நான்கு சேனலும் சேர்ந்தே அடங்கும்.

மாமா போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தைதான் துப்பு கொடுத்தது: "டிரைவர் கதவத் தெறந்து வெச்சா மட்டும் பாடுதுடா."

செட்டின் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கர் ஒயருக்கும் பாடிக்கும் இடையே மீட்டரை ஓம்ஸில் வைத்துப் பார்க்க வேண்டும். (நான் முதலில் பிளக்கைக் கழற்றாமலே அளந்து அரைமணி நேரம் குழம்பினேன்.) தொடர்பே இருக்கக் கூடாது. டிரைவர் கதவை மூடியதும் முள் பூஜ்யத்துக்குப் போனது! கீல் பக்கத்து ரப்பர் குழாயை இழுத்துப் பார்த்தால், ஒயரின் தோல் உரிந்து செம்பு தெரிந்தது. மடங்கும் இடத்தில் ஜாயின்ட் போட்டால் மறுபடி அறுந்துவிடும். அதனால் புது ஒயரை முழுதாக உள்ளே விட்டு, கதவுக்கு உள்ளே தள்ளி சால்டர் செய்து சிலீவ் போட்டேன். செலவு நூறு ரூபாய்கூட இல்லை. இப்போதைய டச் ஸ்கிரீன் கார்களிலும் கதவு ஒயருக்கு இதே கதிதான்.

ஒரு ஸ்பீக்கர் மட்டும் ஊமை என்றால் அதைக் கழற்றி அளங்கள். 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் மீட்டரில் சுமார் மூன்றரை காட்டும். ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் 'ஙொய்' சத்தம் வந்தால் முதலில் எர்த்தைப் பாருங்கள். பேட்டரியைக் கழற்றும் முன், செட்டுக்குக் கோடு எண் உண்டா என்று ஓனரிடம் கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பூட்டிக்கொள்ளும்.

100 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3 மீட்டர், கால் பங்கு 75 சென்டிமீட்டர். கூரையில் இருக்கும் குட்டி ஏரியல் அவ்வளவு நீளம் இல்லாததால், பல கார்களில் அதன் அடியில் ஒரு ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பார்கள். அதற்குச் சப்ளை போகாவிட்டால் உள்ளூர் ஸ்டேஷனே இரைச்சலாக வரும். ஆனால் ஆழியாறு தாண்டி வால்பாறை மலை ஏறும்போது விட்டு விட்டுக் கேட்டால் செட்டைத் திறக்காதீர்கள். பண்பலை நேர்கோட்டில் போவது. அங்கே மறைப்பது மலை.