முதலில் விளக்கைச் சோதியுங்கள், பிறகு கண்ணாடியை

கண்ணாடி மணி செய்பவர்களின் கைக்கு இப்போது ஒருவகைக் குச்சிகள் வருகின்றன. பகலில் வெளிர் மஞ்சளாகவோ, பால் நிறமாகவோ, நிறமே இல்லாமலோ இருக்கும். புறஊதா விளக்கைக் காட்டினால் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று ஒளிரும். விற்பவர்கள் எல்லாவற்றின் மேலும் 'யு.வி.யில் ஒளிரும்' என்று ஒரே சீட்டை ஒட்டுகிறார்கள். விலை மட்டும் குச்சிக்குக் குச்சி மாறுகிறது.

புதுச்சேரியின் மண்ணாடிப்பட்டுக் கொம்யூனில் வீட்டுக்குப் பின்னால் சின்னப் பட்டறை போட்டு, பர்னர் தீயில் மணி செய்கிறேன். இந்தக் குச்சிகளை வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, உருக்கிப் பார்த்ததில் ஒன்று உறுதியாகப் புரிந்தது. ஒளிர்வைக் குச்சி தனியாகத் தருவதில்லை; குச்சியும் விளக்கும் தீயும் சேர்ந்து தருகின்றன. மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் 'இது நல்லது, அது மட்டம்' என்று சொன்னால் அது வெறும் அபிப்பிராயம்தான்.

எங்கள் பக்கத்தில் கண்ணாடி புதிய பொருள் இல்லை. கடலோரம் அரிக்கமேட்டில் கண்ணாடிக் குழாயை இழுத்து, துண்டு போட்டு மணி செய்தார்கள். 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தார். அடுத்து வந்த ழான்-மாரி கசால் அரிக்கமேட்டோடு நிற்காமல், எங்கள் கொம்யூனிலேயே உள்ள சுத்துக்கேணியின் ஈமச் சின்னங்களையும் தோண்டி ஆராய்ந்தார். குழாய் இழுக்கும் அந்த முறை ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம் வரை தொடர்ந்திருக்கிறது. இன்று எங்கள் பக்கத்துக் கைத்தொழில் என்றால் எல்லோரும் திருக்கனூர் காகிதக்கூழ்ப் பொம்மையையும் வில்லியனூர் சுடுமண்ணையும்தான் சொல்வார்கள். இரண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. கண்ணாடியும் அந்த வரிசைக்கு வரவேண்டும் என்பது என் ஆசை. அதற்கு, கையில் இருக்கும் பொருள் என்ன என்று செய்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விளக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

கண்ணுக்குத் தெரியாத புறஊதாவை வாங்கிக்கொண்டு, அதைவிட நீண்ட அலையாக, கண்ணுக்குத் தெரியும் நிறமாகத் திருப்பித் தருவதே ஒளிர்வு. ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1852-ல் இதை விளக்கி எழுதினார். எனவே எந்த அலையைக் கொடுக்கிறோம் என்பதே முதல் கேள்வி.

நோட்டு பார்க்கும் மலிவு டார்ச்சுகள் பெரும்பாலும் 395 நானோமீட்டர். அதோடு ஊதா வெளிச்சமும் நிறையக் கொட்டும். அந்த ஊதா வெள்ளைக் குச்சியில் பட்டுத் திரும்பினால், ஒளிராத கண்ணாடிகூட நீலமாக ஒளிர்வதுபோல் தெரியும். 365 நானோமீட்டர் டார்ச், அதிலும் முகப்பில் கறுப்பு வடிகட்டி போட்டது, இந்தக் குழப்பத்தைத் தராது. விலை கூடுதல்தான், ஒப்பிட்டுப் பார்க்கும் எண்ணம் இருந்தால் அந்தச் செலவைச் செய்யுங்கள்.

ஆனாலும் 395-ஐத் தூக்கிப் போட வேண்டாம். இரண்டு விளக்கும் சேர்ந்தால்தான் கண்ணாடி தன்னைக் காட்டிக்கொடுக்கும். 395-லும் பளிச்சென்று பச்சை, 365-லும் பளிச்சென்று பச்சை என்றால் யுரேனியம் இருக்கலாம். 395-ல் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, 365-ல் மட்டும் மங்கலான பச்சை என்றால் மாங்கனீஸ் என்று சந்தேகிக்கலாம். யூரோப்பியம் கலந்த கண்ணாடி 394 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை நன்றாக உறிஞ்சிச் சிவப்பாக ஒளிரும். அதனால் அதற்கு மலிவு டார்ச்சே பொருத்தம். 365-ஐ மட்டும் வைத்துப் பார்ப்பவர் அந்தக் குச்சியைக் குறைத்து மதிப்பிட வாய்ப்புண்டு.

விளக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வீட்டிலேயே அளவுகோல் உண்டு. நல்ல ரூபாய் நோட்டில் எண்களும் தாளுக்குள் இருக்கும் இழைகளும் ஒளிரும்; தாள் ஒளிராது. கொஞ்சம் மஞ்சள்தூளைச் சானிடைசரில் கரைத்தால் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். பேட்டரி இறங்கியிருந்தால் இவற்றிலேயே தெரிந்துவிடும்.

இருட்டும் சுத்தமும்

பட்டறைக் கதவைச் சாத்தி, முழு இருட்டில், கண் பழகக் கொஞ்ச நேரம் விட்டு வேலையைத் தொடங்குங்கள். மழைக்கால இரவுகளில் இதை வைத்துக்கொள்ள வேண்டாம். புறஊதாவுக்குப் பூச்சிகள் மொய்த்துவிடும்.

பின்னணிக்கு வெள்ளை வேட்டியோ வெள்ளைத் தாளோ ஆகாது. சோப்புத்தூளிலும் தாளிலும் இருக்கும் வெண்மையூட்டி நீலமாக எரிந்து குச்சியின் நிறத்தை விழுங்கிவிடும். கறுப்புத் துணியையும் முதலில் விளக்கில் காட்டிப் பாருங்கள். சோப்புத்தூளில் துவைத்ததாக இருந்தால் நூல் பிசிறு முழுக்க நீலப் புள்ளி தெரியும். நான் பயன்படுத்துவது கறுப்பு ஓடு.

குச்சிகளைச் சுத்தமான தண்ணீரில் கழுவித் துடையுங்கள். சமையல் முடித்துவிட்டு வந்த கையில் மஞ்சள் இருந்தால் அந்த விரல் தடமும் ஒளிரும். வாசலினும் நீலமாகத் தெரியும்.

நிறத்துக்குள் இருப்பது என்ன

யுரேனியக் கண்ணாடியின் பச்சை 520 நானோமீட்டரை ஒட்டியது. ஒருமுறை பார்த்தால் மறக்காது. பொஹீமியாவில் ரீடல் குடும்பத்தார் 1830-களில் இதை 'அன்னா மஞ்சள்', 'அன்னா பச்சை' என்று பெயரிட்டு விற்றார்கள். இத்தகைய கண்ணாடியில் வழக்கமாக 2 சதவீதத்துக்கு உள்பட்ட யுரேனியமே இருக்கும். அமெரிக்காவில் 1943 முதல் 1958 வரை அரசு பொதுப் பயன்பாட்டுக்கு யுரேனியத்தை விடவில்லை. அதனால் பழம்பொருள் சேர்ப்பவர்கள் அந்த இடைவெளியை வைத்தே அங்குள்ள பொருளின் வயதைக் கணிக்கிறார்கள்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். நம் பழைய மணிகளைச் சோதித்த ஆய்வாளர்கள், அலுமினா மிகுந்த இந்தியக் கண்ணாடியை யுரேனியத்தையும் பேரியத்தையும் வைத்தே வகை பிரிக்கிறார்கள். தென்னிந்தியா, இலங்கை பக்கத்துப் பழைய வகையில் யுரேனியம் குறைவு, பேரியம் அதிகம். மேற்கு இந்தியாவோடு தொடர்புபடுத்தும் பிற்கால வகையில் யுரேனியம் கூடுதல். கூடுதல் என்றாலும் அது மணலோடு தானாக வந்த சுவடு, பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு என்ற கணக்கு. 'யுரேனியம் இருக்கிறது' என்பதும் 'ஒளிரும்' என்பதும் ஒன்றாகாது என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று இது.

கேட்மியம் கலந்த மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புக் குச்சிகள் பெரும்பாலும் மஞ்சளிலிருந்து ஆரஞ்சு வரை ஒளிரும். டெர்பியம் பச்சை தரும். சீரியம் நீலம் தரும், ஆனால் 365-ஐவிடக் குறைந்த அலை கிடைத்தால்தான் நன்றாகத் தெரியும். ஈயக் கண்ணாடியின் வெளிர் நீலமும் அத்தகைய குற்றலை விளக்கில்தான் தெளிவு.

நியோடிமியம் குச்சியை இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். வெயிலில் இளஊதா, சி.எஃப்.எல். வெளிச்சத்தில் நீலம் என்று அது மாறுவது ஒளிர்வால் இல்லை. குறிப்பிட்ட நிறங்களை உறிஞ்சுவதால். கடைகளில் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து விற்கிறார்கள். அழகான கண்ணாடிதான், வேறு கணக்கில் வாங்குங்கள்.

இரும்பும் செம்பும் ஒளிர்வைத் தின்பவை. பச்சைப் பாட்டில் கண்ணாடி இருட்டாகவே நிற்பது அதனால்தான்.

ஒரே தடிமன், ஒரே பக்கம்

தடித்த குச்சி அதிகம் ஒளிர்வதாகத் தெரிவது இயல்பு. 6 மில்லிமீட்டரை 6 மில்லிமீட்டரோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஒளி குச்சிக்குள்ளேயே ஓடி, வெட்டுமுனையிலும் கீறலிலும் வெளியே வரும். அதனால் முனை எப்போதும் பளிச்சென்று இருக்கும். விற்பனைப் படங்களில் முனையைத்தான் காட்டுவார்கள். நீங்கள் பக்கவாட்டைப் பாருங்கள். மணியில் வரப்போவது அந்த வெளிச்சம்தான்.

போனில் படம் எடுத்தால் வெளிச்ச அளவையும் வெள்ளைச் சமநிலையையும் பூட்டிவிட்டு எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் ஒரே குச்சியை அளவுகோலாக ஓரத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் மங்கல் குச்சியைப் போன் தானே பிரகாசமாக்கிக் காட்டிவிடும்.

தீயில் போட்ட பிறகு பாருங்கள்

குச்சியாக இருந்தபோது முதல் இடத்தில் நின்றது, மணியானபின் பின்னுக்குப் போவது உண்டு. அதனால் ஒவ்வொரு குச்சியிலும் ஒரு சிறு மணி செய்து, அதையும் வரிசையில் வைத்துத்தான் நான் முடிவு எடுக்கிறேன்.

சூடாக இருக்கும்போது யுரேனியக் கண்ணாடி ஒளிராது. ஆறியதும் ஒளிர்வு திரும்ப வரும்; பதற வேண்டாம். ஆனால் ஆக்சிஜன் குறைந்த, புகையும் தீயில் நெடுநேரம் வைத்தால் யுரேனியத்தின் வேதிநிலையே மாறி ஒளிர்வு குறையலாம். ஆக்சிஜன் சற்றுத் தூக்கலான சுத்தமான தீயில், தீயின் நுனிப்பக்கம் வைத்து வேலை செய்யுங்கள். கேட்மியக் குச்சிகள் சூட்டுக்குச் சூடு நிறம் கூடும். பகல் நிறத்தோடு ஒளிரும் நிறமும் நகரும். ஒரே குச்சியில் ஒரு மணியை ஒருமுறையும் இன்னொன்றைப் பலமுறையும் சூடேற்றி, இரண்டையும் வைத்துக்கொண்டால் அந்தக் குச்சியின் எல்லை தெரியும்.

வெள்ளைக் கண்ணாடியை உள்ளே வைத்து, மேலே ஒளிரும் கண்ணாடியைச் சுற்றுங்கள். உள்ளே போகும் வெளிச்சத்தை வெள்ளை திருப்பி அனுப்புவதால் கொஞ்சம் குச்சியிலேயே நிறைய ஒளிர்வு கிடைக்கும். விலை உயர்ந்த குச்சிக்கு இது நல்ல சிக்கனம். மேலே மெல்லிய நிறமற்ற சோடாக் கண்ணாடி மூடினாலும் 365 உள்ளே போகும்.

ஒட்டுமா என்பது தனிக் கேள்வி

எவ்வளவு ஒளிர்ந்தாலும், மற்றக் கண்ணாடியோடு ஒட்டாத குச்சி உதவாது. முரானோ வகை மென்கண்ணாடியின் விரிவு எண் (சூட்டில் விரியும் அளவு) 104, போரோசிலிகேட்டின் எண் 33. இரண்டையும் கலந்தால் ஆறும்போது விரிசல் நிச்சயம். பதப்படுத்தும் சூடும் வேறு: முன்னதற்கு 520 டிகிரி செல்சியஸ் அருகே, பின்னதற்கு 565 அருகே.

எண் போடாமல் வரும் குச்சிகளுக்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. தெரிந்த குச்சியின் துளியையும் தெரியாத குச்சியின் துளியையும் பக்கவாட்டில் ஒட்டி உருக்கி, மெல்லிய நூலாக இழுங்கள். ஆறியபின் நூல் நேராக நின்றால் இரண்டும் சேரும். வில்லாக வளைந்தால் சேராது. அதிகம் சுருங்கும் கண்ணாடி வளைவின் உள்பக்கம் இருக்கும். கருவி எதுவும் வேண்டாம், சில நிமிடத்தில் முடியும். புதுச் சரக்கு வந்ததும் நான் முதலில் செய்வது இதைத்தான். ஒளிர்வைப் பார்ப்பது அதற்குப் பிறகு.

உடம்பைக் காப்பது

புறஊதா டார்ச்சை நேராகப் பார்க்கக் கூடாது. குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது. பாலிகார்பனேட் கண்ணாடி அணிந்தால் போதுமான காப்பு. 254 நானோமீட்டர் குற்றலை விளக்கு கண்ணையும் தோலையும் சுட்டுவிடும். அதை மூடாமல் எரிக்கவே வேண்டாம்.

யுரேனியக் கண்ணாடியின் கதிரியக்கம் மிகக் குறைவு. மணியாகத் தொடுவதில் அச்சம் வேண்டாம். தூள்தான் ஆபத்து. யுரேனியமோ கேட்மியமோ கலந்த கண்ணாடியை உலர்வாகத் தேய்க்காதீர்கள். தண்ணீர் விட்டுத் தேயுங்கள், முகமூடி போடுங்கள், பர்னருக்கு மேல் புகை உறிஞ்சும் விசிறி வையுங்கள். நம் நாட்டில் யுரேனியம் சட்டக் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். உப்பாகவோ தூளாகவோ வாங்கிச் சொந்தமாகக் கண்ணாடி காய்ச்ச நினைக்காதீர்கள். யூரோப்பியம், டெர்பியம் போன்ற அரிய மண் தனிமங்கள் கலந்த குச்சிகளே போதும். அவற்றில் அழகுக்குக் குறைவில்லை.

அந்த டார்ச்சால் கிராமத்தில் இன்னொரு நன்மை உண்டு. விறகு அடுக்கையும் செங்கல் குவியலையும் இரவில் தொடுமுன் ஒருமுறை காட்டுங்கள். தேள் இருந்தால் நீலம் கலந்த பச்சையாக ஒளிர்ந்து இருக்குமிடம் காட்டிவிடும்.

வாங்குபவருக்குச் சொல்லுங்கள்

"அக்கா, இது ராத்திரியில தானா வெளிச்சம் குடுக்குமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். குடுக்காது என்று விற்கும் முன்பே சொல்லிவிடுங்கள். விளக்கை அணைத்ததும் இந்த ஒளிர்வு நின்றுவிடும். இருட்டில் நெடுநேரம் மின்னும் பொருள்கள் வேறு. அவற்றில் ஸ்ட்ரான்சியம் அலுமினேட் போன்ற தூள் ஒளியைச் சேமித்து மெல்ல விடுகிறது. வீட்டு எல்.இ.டி. பல்பிலும் மணி ஒளிராது, அதில் புறஊதா கிட்டத்தட்ட இல்லை.

நான் ஒவ்வொரு குச்சிக்கும் ஓர் அட்டை வைத்திருக்கிறேன். பகல் நிறம், 395-ல் நிறம், 365-ல் நிறம், மணியானபின் நிறம், நூல் சோதனையின் முடிவு, எங்கே வாங்கியது என்று எழுதி, குச்சியின் ஒரு துண்டையும் அதிலேயே கட்டிவிடுவேன். மணியோடு வாங்குபவருக்கும் ஒரு சின்ன அட்டை போகிறது: எந்த விளக்கில் ஒளிரும், எதில் ஒளிராது, என்ன கலந்தது என்று நான் கருதுகிறேன். உறுதியாகத் தெரிந்ததையும் ஊகத்தையும் அதில் தனித்தனியாக எழுதுகிறேன்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் யோசனை இதுதான். நிறம் நிறமாக வாங்கிக் குவிக்க வேண்டாம். நல்ல 365 டார்ச் ஒன்று, மலிவு 395 ஒன்று, கறுப்பு ஓடு ஒன்று, மூன்று நான்கு வகைக் குச்சி. அவற்றை முழுதாகப் புரிந்துகொண்டு அட்டை எழுதிய பிறகு அடுத்த குச்சிக்குப் போங்கள். தன் கண்ணாடியில் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவரிடம் வாங்கியவர்கள் திரும்ப வருவார்கள். மற்றவர்களையும் அழைத்து வருவார்கள்.